கப்பல் விதிகளும் திண்டுக்கல் பூட்டும்

பென்னலூர்,
ஆவணி இரண்டாம் ஞாயிறு.

மரியாதைக்குரிய அண்ணன் ரகுபதி அவர்களின் சமூகத்துக்குத் தம்பி ஜீவானந்தம் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சம்சாரம் பாஞ்சாலியும், நம் விடுதியில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளும் வல்லக்கோட்டையான் தயவில் சௌகரியமாக இருக்கிறோம். அவ்விடம் தங்களுக்குச் சர்க்கரை இறங்கி, அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்து, இருவரும் மனக்குறை இல்லாமல் இருக்கும்படி தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் நான் விஷயத்தைத் தொடங்கியதுமே, வாயால் சொன்னது கோப்பில் ஏறாது, எதுவானாலும் எழுத்தில் கொடு என்று கருவூல ஆபீஸ் வழக்கப்படி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். வேலூரில் தபால்காரர் வரும் நேரமும் நீங்கள் பென்ஷனர் சங்கத்துக்குப் போகும் நேரமும் ஒன்று என்று அண்ணி முன்பு சொல்லியிருக்கிறார். நீங்கள் வழக்கம்போல வாசல் கிரில்லை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாலும் கவலை இல்லை. கம்பி இடுக்கில் கடிதம் நுழையும், அண்ணி வாங்கி வைப்பார்.

விஷயம் நம் விடுதிப் பூட்டைப் பற்றியது. எடுத்தவுடனே சொன்னால் கோபிப்பீர்கள், அதனால் முதலிலிருந்து வருகிறேன். சித்திரை மாதம் ஒரகடம் கம்பெனியிலிருந்து வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கம்பெனியில்தான் அசெம்பிளி லைனில் நிற்கிறார்கள். அவர் சொன்னது, வெளிநாட்டுக் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள், தொழிலாளிகள் தங்கும் இடத்தையும் பார்ப்பார்கள், சர்வதேசத் தரத்தில் விதிமுறை போர்டு ஒன்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பெனி பஸ் இந்த வாசலில் நிற்காது என்று. நம்மிடம் ஏற்கெனவே போர்டு இருக்கிறதே என்று நீங்கள் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். சத்தமாகப் பேசக் கூடாது, துணி கொடியில் காயக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது என்று எல்லா வரியும் கூடாதில் முடிகிற போர்டு. அவர் அதைப் பார்த்துவிட்டு, சார், இது ஜெயிலுக்குச் சரியாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது, அது உங்கள் கையெழுத்தில்லையா.

உடனே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹேமந்திடம் போனேன். தம்பி, தொழிலாளர் தங்குமிடத்துக்குச் சர்வதேச விதி ஏதாவது இருந்தால் தமிழில் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துக் கொடு என்றேன். அவன் கம்ப்யூட்டரில் தேடு தேடு என்று தேடி, கட்டிலின் நீளம் வரைக்கும் எழுதியிருக்கும் ஒன்றைப் பிடித்துவிட்டான். இதுதான் சார் இருக்கறதுலயே டாப்பு என்றான். அதை மிஷினே தமிழாக்கியது. நான் படித்துப் பார்க்கவில்லை. சர்வதேசம் என்றால் புரியாமல்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, விடுதி மாடிப்படிக்குக் கீழே அதை மாட்டினோம்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. செய்யாற்றிலிருந்து வந்து தங்கியிருக்கும் இசைவாணி, உயரமான பெண், என்னிடம் வந்து, என் கட்டில் குட்டையாக இருக்கிறது, கால் வெளியே தொங்குகிறது, போர்டில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறதே என்றாள். இஞ்சி டேப் கொண்டுவந்து அளந்தும் காட்டினாள். நான் ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டிலுக்குப் பலகை ஒட்டவைத்தேன். மறுநாள், கேப்டன் அடிக்கடி சமையல்கட்டைப் பார்வையிட்டு எழுதிவைக்க வேண்டும் என்று இருக்கிறதாம், கேப்டன் யார் என்று கேட்டார்கள். சமையல் செய்கிற அம்மாள் என்னைக் கைகாட்டிவிட்டார். அன்றிலிருந்து தினமும் நான் சாம்பாரை ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. பிறகு போளூர்ப் பெண் ஒருத்திக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தால் சொந்தத் துறைமுகம் வரை கொண்டு சேர்ப்பது உரிமையாளர் கடமை என்று போர்டு சொல்கிறது என்றார்கள். போளூருக்கு எதம்மா துறைமுகம் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு சார் என்றாள். பாஞ்சாலி போய் டிக்கெட் எடுத்து, கையில் புளிசாதமும் கட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டு வந்தாள். அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்தபோது எனக்கே மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் தீயணைப்புப் பயிற்சி. ஓய்வு நேரம் கெடாதபடி நடத்த வேண்டும் என்று போர்டில் இருக்கிறது, எங்கே பயிற்சி, எங்கே வாளி என்று நின்றார்கள். வாயை மூடவைக்கலாம் என்று பக்கத்துக் கட்டடத்திலிருந்து எம்-சாண்ட் மணல் வாங்கி வாளிகளில் நிரப்பி மாடிப்படி ஓரம் வைத்தேன். எதற்கும் உதவாத காரியம் என்று முனகிக்கொண்டுதான் வைத்தேன்.

இந்தக் கோலத்தில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஷெர்லின், நீண்ட லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்தாள். உள்ளே நுழைந்து போர்டைப் பார்த்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அண்ணாச்சி, இது கப்பல்ல ஒட்டுறதுல்லா. எங்க அண்ணன் ஓடுத கப்பல்ல இதேதான் ஒட்டியிருக்கு. நம்ம ஹாஸ்டல் எப்ப கெளம்புது?"

அண்ணா, எனக்கு மானம் போயிற்று. ஹேமந்த் பிடித்தது மாலுமிகளுக்கான சர்வதேச விதி. மூன்று மாதமாக நான் கேப்டனாக இருந்திருக்கிறேன், கடல் மட்டும் இல்லை. உடனே ஏணியைப் போட்டு போர்டைக் கழற்றப் போனேன். பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள், ஏறவும் விடவில்லை. இசைவாணிதான் பேசினாள். சார், கப்பலுக்கோ கட்டடத்துக்கோ, இதுல எந்த வரி தப்பு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கழட்டிடலாம் என்றாள். நான் போர்டை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். சாப்பாடு இலவசம் என்கிற வரியைத் தவிர எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

ஷெர்லினின் அண்ணன் யாக்கோபு அப்போது எந்த நாட்டுத் துறைமுகத்திலோ நின்றுகொண்டிருந்தார். வீடியோ காலில் வந்தார். மாலுமிகள் யூனியன் வகுப்புகளுக்கெல்லாம் போனவராம், பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரி சர்வதேச விதிகளை யாரோ ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து எழுதி ஒட்டிவிடுவதில்லையாம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சர்க்கார் தரப்பில் இரண்டு பேர், முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளி தரப்பில் ஒருவர் என்று ஜெனீவாவில் கூடும் உலகத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போவார்கள், நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பொதுவாக ஒரு வருஷம் பேசிவிட்டு ஊருக்குத் திரும்பி, எல்லோரிடமும் கருத்துக் கேட்டு, மறுவருஷம் மறுபடி பேசுவார்களாம். கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் ஏற்றதாகக் கணக்கு. மாலுமிகள் விதிக்கு எதிராக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"ஓட்டு விழுந்தாச்சு, சோலி முடிஞ்சுதுன்னு நெனைக்கப்பிடாது, அண்ணாச்சி. அதை ஊருக்குக் கொண்டுபோயி, அதிகாரம் உள்ள பெரியவங்க முன்னால வைக்கணும். அவங்க ஒப்புக்கிட்டாத்தான் அது கட்டுப்படுத்தும்."

அண்ணா, அந்தப் பெரியவர் என்று யாக்கோபு சொன்னதும் எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆக, ஓட்டு எப்படி விழுந்தாலும் கடைசிச் சொல் உங்களுடையது என்ற தைரியத்தில், நாமும் அப்படியே முறைப்படி செய்துவிடலாம் என்று நானே வாயைக் கொடுத்தேன். வருஷக்கணக்கில் நம்மால் முடியாது, இரண்டு அமர்வு, இரண்டு ஞாயிறு. முதலாளி தரப்பு நான், ஒரு ஓட்டு. தொழிலாளி தரப்புக்குப் பிள்ளைகள் இசைவாணியைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு ஓட்டு. சர்க்காருக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, நம் வீட்டிலேயே வார்டு மெம்பர் இருக்கிறாளே என்று பாஞ்சாலியை உட்காரவைத்தோம். அவளுக்கு இரண்டு ஓட்டு. நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். என் ஓட்டு ஒன்று, பெண்டாட்டி ஓட்டு இரண்டு, ஆக மூன்று என் பையில். தேர்தலில் அவளுக்காக வெயிலில் நோட்டீஸ் கொடுத்தவன் நான்தானே, அந்த நன்றியாவது இருக்காதா.

முதல் ஞாயிறு டீயும் பஜ்ஜியுமாக நன்றாகவே போயிற்று. கட்டில், குடிதண்ணீர், சமையல்கட்டு, புகார் சொன்ன பிள்ளையைப் பழிவாங்காமல் இருப்பது எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். பூட்டு என்று வந்தபோது மட்டும் உங்கள் தம்பியாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். நைட் ஷிப்ட் பிள்ளைகள் பகலில் தூங்குகிறார்கள், மற்றவர்கள் இரவில் இருக்கிறார்கள், கம்பெனி பஸ் வரும் நேரம் தவிர எப்போதும் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்க வேண்டும், சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட உத்தரவு, பெற்றவர்களுக்கு நாம் கொடுத்த வாக்கு, அதில் கை வைக்க முடியாது என்று சொன்னேன். பிள்ளைகள் சண்டை போடவில்லை. அவர்களுக்குள் பேசிவிட்டு, இலவசச் சாப்பாட்டு வரியை எடுத்துவிடுகிறோம், பதிலுக்குப் பூட்டை உள்பக்கம் மாற்றுங்கள் என்றார்கள். இலவசச் சாப்பாட்டையே விட்டுக்கொடுத்தார்கள், பூட்டை விடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த அமர்வில் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

அந்த இரண்டு ஞாயிறுக்கு நடுவில்தான் ஆடிக் கிருத்திகை வந்தது. நான் காலையிலேயே வல்லக்கோட்டைக்குப் போய்ச் சாமி பார்க்க வரிசையில் நின்றேன். கூட்டமான கூட்டம். நட்ட நடுப்பகல், சன்னதி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பாஞ்சாலி போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"இன்வெர்ட்டர் புகையுது. புள்ளைங்கல்லாம் உள்ள கீதுங்க. சாவி எங்கய்யா?"

"என் இடுப்புல," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். நான் சாமி பார்க்கவில்லை, அண்ணா. வரிசையைத் தாண்டி ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏறி, அவன் கேட்டதைக் கொடுப்பதாகச் சொல்லிப் பறக்கவிட்டேன். வழியெல்லாம் வேறு வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை, பிள்ளைகள் பிள்ளைகள் என்றுதான் வந்தது. வந்து பார்க்கிறேன், வாசலில் தெருவே நிற்கிறது. டீக்கடை கோபால் சுத்தியலால் பூட்டை அடித்து அடித்துக் கை வீங்கி உட்கார்ந்திருக்கிறான். நீங்களே திண்டுக்கல்லில் நேரில் போய் வாங்கிவந்த பூட்டு, ஒரு கீறல்கூட விழவில்லை. நல்ல பூட்டு. நான் சொல்ல வருவதும் அதுதான்.

உள்ளே புகை அடங்கியிருந்தது. நான் முனகிக்கொண்டு வைத்த மணல் வாளிகளை ஷெர்லினும் மற்ற பிள்ளைகளும் எடுத்து இன்வெர்ட்டர் மேல் கொட்டி அவர்களே அணைத்திருந்தார்கள். ஆனால் புகை கலையும்வரை வெளியே வர முடியாமல் எல்லோரும் கிரில்லுக்குப் பின்னால் ஈரத் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பாஞ்சாலி வெளியிலிருந்து கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய பிள்ளைகள், தலைகூட வாராத முகங்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. நான் சாவியைத் தலைகீழாகப் பிடித்துத் துவாரத்தில் குத்திக்கொண்டிருந்தேன். இசைவாணி கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி, குடுங்க சார் என்று சாவியை வாங்கி, உள்ளே நின்றபடியே அவளே திறந்தாள். அவ்வளவு சுலபமான வேலை அது. சாவி அவர்கள் கையில் இருந்திருந்தால் நான் சாமி பார்த்திருப்பேன். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் செய்யாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் நான் என்ன முகத்தோடு போயிருப்பேன்.

இரண்டாவது ஞாயிறு அமர்வு கூடியது. பஜ்ஜி போட யாருக்கும் தோன்றவில்லை. தீர்மானம் ஒன்றே ஒன்று. கதவுக்கு உள்பக்கப் பூட்டு, அதற்குச் சாவி பிள்ளைகளில் முறை வைத்து ஒருத்தியிடம், இன்னொன்று நம் வீட்டில். வெளிப்பூட்டு கூடாது. இந்த ஒரு கூடாதை அவர்களே போட்டுக்கொண்டார்கள். ஓட்டெடுப்பு என்றதும் நான் பாஞ்சாலியைப் பார்த்தேன். முந்தின நாள் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்திருந்தேன், அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இசைவாணி கை தூக்கினாள். பாஞ்சாலிக்கு இரண்டு ஓட்டல்லவா, இரண்டு கையையும் தூக்கினாள்.

"சர்க்காரு யாரு பக்கமும் இல்ல. புள்ளைங்க பூட்டின கதவுக்குப் பின்னாடி நிக்கக் கூடாது, அவ்ளோதான்," என்றாள்.

நான் மட்டும் உங்கள் வாக்கைக் காப்பாற்ற எதிர்த்து ஓட்டுப் போட்டேன். மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் ஏற்கப்பட்டது. போர்டில் கப்பல் என்று இருக்கும் இடத்திலெல்லாம் விடுதி என்று மாற்றலாமா என்று கேட்டேன், பிள்ளைகள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனி பஸ் டிரைவர்களே நம் வாசலைக் கப்பல் ஸ்டாப் என்றுதான் கூவுகிறார்கள். ஆடிட்டும் வந்துவிட்டுப் போயிற்று. வந்த அம்மாள் போர்டைப் பார்த்து முதலில் விழித்தார். இதை யார் போட்டது என்று பிள்ளைகளைக் கேட்டார். நாங்களும் ஓனரும் மெம்பரம்மாவும் உட்கார்ந்து பேசிப் போட்டது என்று சொன்னார்கள். அந்த அம்மாள் அதற்கப்புறம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

ஆகவே அண்ணா, யாக்கோபு சொன்ன முறைப்படி, ஏற்ற தீர்மானத்தை அதிகாரம் உள்ள பெரியவராகிய தங்கள் முன் எழுத்தில் வைக்கிறேன். கட்டடத்தில் பாதி தங்களுடையது. தாங்கள் ஒப்புக்கொண்டால்தான் இது கட்டுப்படுத்தும். அதுவரை தங்கள் திண்டுக்கல் பூட்டு எங்கே தொங்கியதோ அங்கேயே தொங்குகிறது, சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது, நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன். பெற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு பிள்ளைகளைப் பத்திரமாக வைப்பது என்பதுதானே, பூட்டி வைப்பது என்று யாரும் நம்மிடம் வாங்கவில்லையே. இந்த ஒன்றைத் தாங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த வருஷம் விடுதியில் ஒரு கட்டிலும் காலி இல்லை, பிள்ளைகள் தங்கைகளுக்கும் சிநேகிதிகளுக்கும் இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு கலகலப்பை நம் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுதிப்போட்டால் போதும்.

அண்ணியின் பாதங்களுக்கு என் நமஸ்காரம். தாங்கள் நேரத்துக்கு மாத்திரை போட்டு, நிழலில் நடந்து, நூறு வயது வாழ்ந்து எங்களை வழிநடத்த வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் தட்டாத தம்பி,
ஜீவானந்தம்.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் பாஞ்சாலி இதைப் படித்துவிட்டு, சத்தியம் என்கிற வார்த்தையை அடி, இல்லாவிட்டால் நிஜத்தை எழுது என்று பேனாவைக் கையில் கொடுத்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். பூட்டுத் தொங்குகிறது, ஆனால் கிணற்று மோட்டார் கொட்டகையில். கிருத்திகை அன்று சாயங்காலமே நானே கழற்றினேன். ஓட்டும் மூன்றுக்கு ஒன்று இல்லை. என் கையும் தூக்கித்தான் இருந்தது, நான்குக்கு நான்கு. இன்னொன்று, கட்டடத்துக்குப் பத்திரம் போட்டபோது நீங்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்ததால் உங்கள் பாதியை அண்ணி பெயரில் பதிந்தோமே, அது எனக்கு மறந்தே போயிருந்தது. பாஞ்சாலிக்கு மறக்கவில்லை. ஆக அதிகாரம் உள்ள பெரியவர் நீங்கள் இல்லை, அண்ணா, மன்னிக்கவும். நேற்று பாஞ்சாலி அண்ணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அழுதாராம், பிறகு மனசார ஒப்புக்கொண்டாராம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அதற்காகத்தான் இந்த உறை கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. வருஷப் பிறப்புக்கு நீங்கள் இங்கே வந்து குளிக்கும்போது அலமாரி மேல் வைத்த சாவிக்கொத்திலிருந்து பாஞ்சாலி ஒன்றுக்கு மட்டும் ஸ்ரீபெரும்புதூரில் நகல் போட்டு வைத்திருந்தாளாம், எனக்கே இன்றுதான் தெரியும். உள்ளே வைத்தது உங்கள் வாசல் கிரில்லின் இரண்டாவது சாவி, அண்ணி கேட்டது அதுதான். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அண்ணி உறையைப் பிரித்து அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பார். பயப்பட வேண்டாம், திரும்பி வருவார்.